நள்ளிரவில் இறங்கும் தொழிலாளி

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற தொழிலாளிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? பத்தாவது மாடிச் சாரத்தில் இருக்கிறது என்பார் சிலர். கொளுத்தும் வெயிலில் இருக்கிறது என்பார் சிலர். சம்பளம் தராத முதலாளியிடம் இருக்கிறது என்பார் வேறு சிலர். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஆபத்து ஒன்று உண்டு. விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, முன்பின் அறியாத நகரத்தின் வாசலில் வந்து நிற்கிறானே, அந்த ஒரு மணி நேரம்! அதுவும் நள்ளிரவாக இருந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரமே அடுத்த இரண்டு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடும்.

இது பெரிய விஷயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் எப்படி டாக்சி பிடிப்பது என்பதைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்றும் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும்! ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் இருப்பதால்தான் அவன் அந்த நேரத்தில் அந்த வாசலில் போய் நிற்கிறான். அவனைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கப்பலும் விமானமும்

அந்தக் காலத்திலே கங்காணி ஊருக்கு வந்தான். முன்பணம் கொடுத்தான், ஆள் சேர்த்தான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றினார்கள். அந்த அக்கிரமத்தைக் கண்டித்துக் கிளம்பிய குரல்களின் விளைவாக, 1938-ல் மலேயாவுக்குக் கூலிகளைச் செலவு கொடுத்து அனுப்புவதை அன்றைய இந்திய அரசாங்கமே தடை செய்தது. கங்காணி முறை கொடியது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

பிறகு, சொந்தச் செலவில் போகிறவர்கள் சென்னைத் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார்கள். அதற்குப் பின்னர் ‘சிதம்பரம்’ கப்பல் ஏறினார்கள். 1985-ல் ‘சிதம்பரம்’ தீப்பிடித்ததோடு அந்தப் பிரயாணம் முடிந்தது. கப்பல் பிரயாணம் சுகமானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பினாங்கு போய்ச் சேர ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரத்தில், தளத்திலே பாய் விரித்துக் கிடந்தவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகிப் போனார்கள். போகிற இடத்தில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்ற செய்தி, இறங்குவதற்கு முன்பே காதுக்கு எட்டிவிடும். தனியாக ஏறியவனும் கூட்டமாகத்தான் இறங்கினான்.

இன்று என்ன நடக்கிறது? இரவு எட்டு மணிக்குத் திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆக, இறங்கும்போது அங்கே அதிகாலை இரண்டரை மணி! துபாய்க்கு இரவு பத்து மணிக்குக் கிளம்பினாலும் இறங்குவது நள்ளிரவு தாண்டித்தான். பக்கத்து இருக்கையில் இருந்தவன் பெயர்கூடத் தெரியாது. நூற்றெண்பது பேரோடு ஏறியவன் ஒற்றை ஆளாக இறங்குகிறான்.

ஏன் இரவு விமானம்? எந்த நேரத்துக்கு டிக்கெட் விலை குறைவோ அந்த நேரத்துக்குத்தான் ஏழைக்கு டிக்கெட் எடுக்கப்படுகிறது. அது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற நேரமாகவே இருக்கிறது. இதில் மோசடிக்காரனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அந்த நேரத்தில் தூதரக அலுவலகம் பூட்டியிருக்கும். கம்பெனி ஆபீசும் பூட்டியிருக்கும். ஊரிலே வீட்டார் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தானே கன்னக்கோல் வைப்பார்கள்!

வழிமறிப்பவன் யார்?

இரவு ஆபத்து என்றதும், இருட்டுச் சந்தில் கத்தியோடு நிற்கிற திருடன்தான் நம் மனக்கண்முன் வருகிறான். அவனும் உண்டு. ஆனால் தொழிலாளிக்குப் பெரிய எதிரி இருட்டில் நிற்பதில்லை. அவன் விளக்கு வெளிச்சத்தில், விமான நிலைய வாசலிலேயே நிற்கிறான். கையில் அட்டை பிடித்திருக்கிறான். அட்டையில் நம் ஆளின் பெயர் பிழையில்லாமல் எழுதியிருக்கிறது. சிரித்த முகத்தோடு பெட்டியை வாங்கிக்கொள்கிறான். “வாங்க தம்பி, பாஸ்போர்ட்டைக் கொடுங்க, பதிவு பண்ணணும்” என்கிறான். தெரியாத ஊரில் தன் பெயரைச் சொல்லி அழைப்பவனைப் பார்த்ததும் தெய்வத்தைக் கண்டதுபோல் இருக்கிறது. அங்கேதான் வலை விழுகிறது!

கற்பனை செய்து சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-ல் நடந்தது என்ன? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று சொல்லி, படித்த நம் பிள்ளைகளை பாங்காக்கில் இறக்கினார்கள். அங்கிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோ மீட்டர் தொலைவிலுள்ள மேசோட் என்ற எல்லை ஊருக்குக் காரில் கொண்டுபோனார்கள். மோய் என்ற ஆற்றைக் கடந்தால் அக்கரையில் மியான்மர் நாட்டு மியாவாடி. அங்கே துப்பாக்கிக் காவலில் வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, உலகத்தையே ஏமாற்றுகிற மோசடித் தொழிலைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி உதை! அந்த ஆண்டு செப்டம்பர் 24-ல் இந்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுத் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள். அத்தோடு நின்றதா? இல்லை. 2025 மார்ச் மாதம் 10, 11 தேதிகளில் இரண்டு ராணுவ விமானங்களை மேசோட்டுக்கு அனுப்பி, முதலில் 283 பேரையும் அடுத்து 266 பேரையும், ஆக 549 இந்தியர்களை மீட்டுவர வேண்டியிருந்தது.

இவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? பட்டதாரிகள் இருந்தார்கள். கோழைகளா? கடன் வாங்கிக் கடல் கடக்கத் துணிந்தவர்கள்! படிப்பும் துணிச்சலும் மட்டும் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பாங்காக்கிலிருந்து ஐந்நூறு கிலோ மீட்டர் என்றால் ஏறக்குறைய சென்னையிலிருந்து மதுரைக்கு உள்ள தூரம். அத்தனை தூரம் கார் போகும்போது, “வேலை பாங்காக்கில்தானே, கார் எங்கே போகிறது?” என்று கேட்பதற்கு ஊரிலே ஒருவன் விழித்திருந்தால்? கார் எண்ணும் காரோட்டியின் முகமும் முன்கூட்டியே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தால்? எத்தனை வீடுகளில் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

விடியும் வரை

பணக்காரர்களுக்கு யோசனை சொல்லப் பல புத்தகங்கள் உண்டு. ஓட்டலில் அறை எடு, நல்ல வண்டி அமர்த்து, நடுராத்திரியில் நடக்காதே என்று அவை சொல்லும். கையில் நாலு காசோடு இறங்குகிறவனுக்கு இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாகும்? ஆகவே தொழிலாளிக்கு ஏற்ற யோசனையை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் யோசனைக்குக் காலணாச் செலவில்லை. அழைத்துப்போக வரவேண்டியவர் வரவில்லையா? வந்தவர் மீது சந்தேகமா? விடியும் வரை விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதீர்கள்! சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், பாங்காக் ஆகிய பெரிய விமான நிலையங்கள் இரவு முழுவதும் திறந்திருக்கின்றன. விளக்கு எரிகிறது. போலீஸ் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. நாலு பேர் நடமாடுகிற இடத்தில் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்தில் இல்லை. ஐம்பது கிலோ மீட்டருக்கு அப்பால் செப்பாங்கில் இருக்கிறது. நகரத்துக்குப் போகிற ரயில் நள்ளிரவுக்குப் பிறகு ஓய்ந்து, விடியற்காலையில் மறுபடி ஓடத் தொடங்கும். நாலு மணி நேரத் தூக்கம் கெட்டால் உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஏறிய கார் கெடுத்தால் வாழ்க்கையே வலிக்கும்!

இரண்டாவது, போயே தீரவேண்டும் என்றால், நம்மைத் தேடி வந்து “டாக்சி, டாக்சி” என்று காதோடு சொல்பவனோடு போகாதீர்கள். ஒழுங்கான டாக்சி ஆளைத் தேடி உள்ளே வருவதில்லை. நாம்தான் அது நிற்கும் இடத்தைத் தேடிப் போகவேண்டும். பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்தில் கீழ்த்தளத்தில் இயந்திரம் சீட்டுக் கொடுக்கும். மீட்டர் காட்டுவதற்கு மேலே 50 பாட் நிலையக் கட்டணம் உண்டு. சிங்கப்பூரில் வரிசையில் நின்றால் மீட்டர் டாக்சி வரும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை கட்டணத்தில் பாதி கூடுதலாகக் கேட்பார்கள். அது அந்த ஊர் விதி, ஏமாற்று அல்ல. துபாயில் டாக்சி நிலையத்திலேயே வரிசையாக நிற்கும். மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்கும். இவற்றை முன்கூட்டித் தெரிந்துவைத்திருப்பவனை ஏமாற்றுவது கஷ்டம்.

மூன்றாவது, பாஸ்போர்ட். இதை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி இந்தியப் பாஸ்போர்ட் மத்திய அரசாங்கத்தின் சொத்து. அதை முடக்கிவைக்க ஏஜெண்டுக்கோ முதலாளிக்கோ உரிமை இல்லை. மலேசியாவில் அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கத்தாரில் 2015-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டப்படி, தொழிலாளி தானே எழுத்து மூலம் கேட்டாலொழிய முதலாளி அதை வைத்திருக்கக் கூடாது. விசா பதிவுக்குக் கேட்பார்களே என்கிறீர்களா? கேட்பார்கள். பகலிலே, ஆபீசிலே, ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பது வேறு. இரவிலே, காரிலே, முகம் தெரியாதவன் கையில் கொடுப்பது வேறு. கொடுப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

நான்காவது, இறங்கியதும் செய்தி. சிம் கார்டு வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. துபாயில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடை இருந்தாலும், எழுத்தும் படமும் போகும். இறங்கிய நேரம், வந்த ஆளின் பெயர், கார் எண், போகிற இடத்தின் விலாசம் ஆகிய நான்கையும் வண்டி நகர்வதற்கு முன்னால் ஊருக்கு அனுப்ப வேண்டும். காரோட்டி காதில் விழும்படியே, “அண்ணன்கிட்ட கார் நம்பர் சொல்லியிருக்கேன்” என்று சொல்லுங்கள். நல்லவன் கோபப்பட மாட்டான். கெட்டவன் யோசிப்பான்!

ஐந்தாவது, பிறர் கொடுத்த பொட்டலம். “ஊறுகாய்தான், அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்” என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; கொடுப்பவர் மாமனாகவே இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் தொடாதீர்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்குத் தண்டனை. நமக்குத் தெரியாது என்று சொன்னால் நீதிமன்றம் எளிதில் நம்பிவிடாது.

ஆறாவது, எண்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் நாடுகளில் போலீசுக்கு 999. தாய்லாந்தில் 191, சுற்றுலாப் போலீசுக்கு 1155. துபாயில் துன்பப்படும் இந்தியத் தொழிலாளர்களுக்காக இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் இருக்கிறது. 800 46342 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை. போன் பாட்டரி தீர்ந்துபோகும், போனே திருட்டும் போகும். ஆகவே இவற்றைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

“வேலை போய்விடுமே!”

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தொழிலாளி சொல்லக்கூடும்: “நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். ரெண்டு லட்சம் கடன் வாங்கிப் போயிருக்கிறேன். வந்தவனிடம் கேள்வி கேட்டால் வேலை போய்விடுமே!”

நியாயமான பயம். இந்தப் பயத்தை வைத்துத்தான் மோசடிக்காரன் பிழைக்கிறான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒழுங்கான கம்பெனி ஆள் எடுப்பது ஆள் தேவை என்பதற்காக. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னதற்காகவும், ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்ததற்காகவும் எந்தக் கம்பெனியும் ஆளைத் திருப்பி அனுப்பாது. கேட்டதற்காகப் போய்விடுகிற வேலை, வேலையே அல்ல, அது பொறி!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நள்ளிரவு வாசலில் தைரியமாகக் கேள்வி கேட்க வேண்டுமானால் கையில் உள்ள விசா வேலை விசாவாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கியவன் போலீசைக் கண்டாலே ஒளிகிறான். அவனைக் கட்டிப்போட மோசடிக்காரனுக்குச் சங்கிலி வேண்டாம். அந்தப் பயமே சங்கிலி. “முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று எவன் சொல்கிறானோ அவனை ஊரிலேயே விரட்டிவிடுங்கள். இரவின் பாதுகாப்பு பகலிலேயே, ஊரிலேயே தொடங்குகிறது.

நாம் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அயலூர்க்காரன் எல்லாம் திருடன் என்று சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் அந்த நகரத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? தரை துடைக்கிற பெண், வாசல் காக்கிற காவலாளி, இரவு ஷிப்டு டாக்சிக்காரர், டீ ஆற்றுகிறவர். வங்காள தேசத்தவர், நேபாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ என்று நாடு வேறாக இருக்கலாம். எல்லோரும் வயிற்றுக்காகத் தூக்கத்தை விற்றவர்கள். சீருடையும் அடையாள அட்டையும் போட்டு வேலையில் நிற்கிற அந்தத் தோழனிடம் வழி கேட்பதில் வெட்கம் இல்லை. ஒரு தொழிலாளியின் சங்கடம் இன்னொரு தொழிலாளிக்குப் புரியும்.

நமது கடமை

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவன் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ளவனும் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் வரியும் தவிர அதிகமாக வாங்கக் கூடாது. ஏஜெண்டின் லைசென்ஸைச் சரிபார்க்க மத்திய அரசாங்கத்தின் ‘இ-மைக்ரேட்’ இருக்கிறது. புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சி 2018 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1978-லிருந்து அரசாங்கத்தின் சொந்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது. ஆனால் கிராமத்து டீக்கடைக்கு இவற்றில் எது வந்து சேர்ந்தது? ஏஜெண்டின் ஆள் மட்டும் தவறாமல் வந்து சேருகிறான்!

நாம் கேட்கிறோம்: தினமும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஏறுகிற நம் விமான நிலையங்களில், இந்த எண்களைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்? விமானம் அனுப்பி மீட்பதைவிடக் காகிதம் கொடுத்துக் காப்பது மலிவல்லவா?

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, கிளை எல்லையிலிருந்து யார் எந்தத் தேதியில் எந்த நாட்டுக்குப் போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. இரண்டு, புறப்படுவதற்கு முதல் நாள் அவரை உட்காரவைத்து ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லி, பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வாங்கிவைக்க வேண்டும். மூன்று, அவர் இறங்குகிற இரவில் ஒரு தோழர் விழித்திருக்க வேண்டும்! போஸ்டர் ஒட்ட விழித்திருக்கிறோம். தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடி காக்க விழித்திருக்கிறோம். ஒரு மனிதனைக் காக்க ஓர் இரவு விழித்திருக்கக் கூடாதா? குறித்த நேரத்துக்குச் செய்தி வரவில்லையென்றால் காலைவரை காத்திராமல் அவர் எண்ணுக்கும், கம்பெனி எண்ணுக்கும், அந்த ஊரில் உள்ள நம் ஆட்களுக்கும் பேச வேண்டும். அந்த நாட்டில் உள்ள தோழர்கள், முடிந்தால் விமான நிலையத்துக்கே நேரில் போய்க் கைகொடுக்க வேண்டும்.

கப்பல் காலத்தில் கூட்டமே காவலாக இருந்தது. விமானம் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டது. கலைந்துபோன கூட்டத்தை மறுபடியும் சேர்த்துக்கொடுப்பதுதான் அமைப்பின் வேலை. அவன் உடம்பு மட்டும் தனியாகப் போகட்டும். அவன் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு சங்கம் இருக்கிறது, விழித்திருக்கும் ஒரு தோழன் இருக்கிறான் என்பது வாசலில் நிற்கிற ஏஜெண்டுக்குத் தெரியட்டும்.

கேட்பதற்கு ஆளில்லாதவனைத்தான் கொண்டுபோகிறார்கள். நம் ஊரிலிருந்து போகிற எவனும் கேட்பாரற்றவன் அல்ல என்ற நிலையைத் தோழர்கள் இன்றே உண்டாக்க வேண்டும். இந்த வாரக் கிளைக் கூட்டத்திலேயே நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்!